காப்புக்கும் தீக்கும் நடுவில்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் இல்லை, ஆயா. ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு அனுப்பினார்களே, அப்போதும் மைக்கில் "நம்ம ஆயாம்மா" என்றுதான் சொன்னார்கள். எனக்கு அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. படுக்கை விரித்தேன். வண்டி தள்ளினேன். நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒருத்தரும் மயங்கிக் கீழே விழுந்ததில்லை. வேண்டுமானால் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

புதுப் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்குப் படிப்பு கம்மி, எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதனால் என்ன, அவசரம் ஒன்றும் இல்லையே. உலை வைத்துவிட்டு ஒரு வரி, சோறு வடித்துவிட்டு ஒரு வரி என்று எழுதுகிறேன்.

விரிப்பை எப்படி மாற்றுவது, பெட்பேனை எப்படிக் கழுவுவது, இதெல்லாம் சிஸ்டர்கள் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. எதிரில் படுத்திருப்பவர் பொய் சொல்கிறார் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது நீ என்ன செய்வாய்? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது வாரத்தில் ஒரு நாள் மெட்ராஸிலிருந்து மூட்டு டாக்டரம்மா ரயிலில் வருவார். பேர்தான் மூட்டு டாக்டர். வருகிற கூட்டத்தில் முட்டி வலி பாதிதான். மீதிப் பேருக்கு, தன் உடம்பே தன்னைப் போட்டு அடிக்கிற வியாதி. கம்பெனிக்குப் போகிற சின்ன வயசுப் பெண்கள்தான் அதில் அதிகம். முகம் சிவந்து, முடி கொட்டி, கால் வீங்கி வருவார்கள். அவர்களுக்கு மாத்திரை உண்டு. அது கேட்காவிட்டால் டிரிப் உண்டு. அந்த டிரிப் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து குளிர் வருகிறதா, நடுக்கம் வருகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

அந்த டிரிப்புக்கு முன்னால் தடுப்பூசி போடச் சொல்வார்கள். எனக்கு அது புரியவில்லை. வியாதி இருக்கிற உடம்பில் எதற்கு இன்னும் இரண்டு குத்து? அப்போது இருந்த பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். அவர் அதட்டியே பேசாத மனுஷி. கேட்டதற்கு ஒரு தரம்கூட "உனக்கு எதுக்கு அது" என்று சொன்னதில்லை.

"ஆயாம்மா, ஆந்திரா பார்டர்ல எளாவூர் செக்போஸ்ட் பார்த்திருக்கீங்கல்ல?"

"நான் பொறந்து வளர்ந்ததே அந்தப் பக்கம்தான். லாரி சத்தம் கேக்கலைன்னா எனக்குத் தூக்கமே வராது."

"அந்த மாதிரி ஒரு செக்போஸ்ட்டுல காவல்காரனுக்குப் புத்தி கெட்டுப்போய், திருடனை விட்டுட்டு சொந்த ஜனத்தையே அடிக்கிறான்னு வைங்க. அதான் இந்த வியாதி. நம்ம டிரிப்பு அவனைத் தூங்க வைக்குது. அடி நின்னுடும்."

"நெசத் திருடன் வந்தா?"

"அப்பவும் தூங்கிக்கிட்டுதான் இருப்பான். அதுக்குத்தான் அவன் தூங்கறதுக்கு முன்னாடியே திருடனோட போட்டோவைக் காட்டி வைக்கிறோம். அதுதான் தடுப்பூசி. காட்டின உடனே பதியாது, சில வாரம் ஆகும். நல்லாப் பதிஞ்சிருந்தா, அப்புறம் தூங்கினாலும் ஒரு ஞாபகம் இருக்கும். தூங்கினப்புறம் போட்டோ காட்டினா?"

"சுவத்துக்குக் காட்டின மாதிரிதான்."

"அவ்ளோதான். உங்களுக்குப் புரிஞ்சுடுச்சு" என்றார்.

இன்னொன்றும் அவர்தான் சொல்லித் தந்தார். "ஊசி போட்டாச்சா என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கையில் போட்டார்கள் என்று கேளுங்கள்" என்றார். போட்டுக்கொண்டவருக்குக் கை ஞாபகம் இருக்கும். போட்டுக்கொள்ளாதவர் யோசிப்பார். இதை நீங்களும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அமுலுவின் கதைக்கு வருகிறேன்.

அமுலு எளாவூருக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பெண். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்காரன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். வியாதி அமுலுவின் கிட்னி வரை போய்விட்டது. மாத்திரை கேட்கவில்லை. டிரிப் போடலாம் என்று டாக்டரம்மா முடிவு பண்ணினார். முதலில் நிமோனியாவுக்கு ஒன்று, ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒன்று என இரண்டு தடுப்பூசி. சில வாரம் கழித்து டிரிப். தேதி எல்லாம் சொல்லி அனுப்பினார்கள்.

ஊசித் தேதிக்கு அமுலு வரவில்லை. பெரிய சிஸ்டர் போன் பண்ணினார். வீட்டுக்காரர் வேலை செய்கிற பக்கம் ஒரு கிளினிக்கில் போட்டுக்கொண்டேன், வருகிறபோது சீட்டைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

டிரிப் அன்று காலையில் மாமியாரோடு வந்தாள். மாமியாரைச் சொல்ல வேண்டும். ஆள் குள்ளம், குரல் பெரிசு. கேட்டில் இருந்து வார்டு வரைக்கும் அந்தம்மா வருவது எல்லாருக்கும் கேட்கும்.

"இன்னாம்மே ஆயா, நாஷ்டா துன்னியா? உங்க ஆஸ்பத்திரியில ஒரு பேன்கூட சுத்த மாட்டேங்குது. இதுக்கு எங்க ஊரு வேப்ப மரமே தேவல."

"கரண்ட்டு இல்லம்மா. ஜெனரேட்டர் போட்டுக்கினு இருக்காங்க. குந்துங்க."

"குந்தறதுக்கா வந்தேன்? சட்டுனு போட்டு அனுப்பு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

அமுலு செருப்பைக் கழற்றாமலே ஓரமாக உட்கார்ந்தாள். பெரிய சிஸ்டர் வந்து சீட்டைக் கேட்டார். ஊசி போட்டாச்சு, சீட்டை மறந்து வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள். "டாக்டர் வரட்டும், அவங்க சொன்னப்புறம் மருந்து கலக்கலாம்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் தட்டை ரெடி பண்ணப் போனார். அன்று ரயில் லேட்.

நான் படுக்கையைத் தட்டிக்கொண்டே சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"எந்தக் கையில போட்டாங்க, கண்ணு?"

அவள் வலது கையைத் தொட்டாள். அப்புறம் இடது கையைத் தொட்டாள். "ரெண்டுலயும், ஆயாம்மா."

"ஒரே நாள்லயா? கையத் தூக்கவே முடிஞ்சிருக்காதே."

"ஒண்ணும் வலிக்கல."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் ஒருத்தருக்கு வலிக்காமலும் இருக்கலாம் இல்லையா? இதை மட்டும் வைத்துக்கொண்டு சிஸ்டரிடம் ஓடக்கூடாது. படுக்க வைக்கலாம் என்று செருப்பைக் கழற்றப் போனேன். பார்த்தால் சாக்ஸ் போட்டிருந்தாள். ஆடி மாசத்து வெக்கையில், வீங்கின காலில், சாக்ஸ்.

"நானே கழட்டிக்கிறேன்" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"என் வேலைய நீ செஞ்சா எனக்குச் சம்பளம் யாரு குடுப்பா?" என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கழற்றினேன். உள்ளங்காலில் கொப்புளம். ஒன்று உடைந்து, அதன்மேல் மஞ்சள் அப்பியிருந்தது.

நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டிக்கொண்டு தீ மிதித்திருக்கிறாள். காப்புக் கட்டிவிட்டால் தீ இறங்குகிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக்கூடாது. உடம்பில் இரும்பு படக்கூடாது. ஊசித் தேதி அந்த நாட்களுக்கு உள்ளேதான் விழுந்தது. பிறகு எந்தக் காட்டுப்பள்ளி, எந்தக் கிளினிக்?

மாமியார் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தார். நான் திரையை இழுத்து விட்டேன்.

"ஊசி போடலதானே?"

அமுலு அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று புடவையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"வேண்டிக்கினேன், ஆயாம்மா. கிட்னி நல்லாகணும்னு வேண்டிக்கினு காப்பு கட்டிக்கினேன். அந்தத் தேதி நடுவுல வந்துடுச்சு. அத்த எல்லைய தாண்ட வேணாம்னுச்சு. எனக்கும் பயமா இருந்துச்சு. அந்த ஊசி சின்னது, இந்த டிரிப்பு பெரிசு. பெரிசே போடறாங்க, சின்னது இன்னாத்துக்குன்னு நெனச்சிக்கினேன்."

"அதுக்கு இன்னாத்துக்குப் பொய்?"

"இன்னிக்கு என்னத் திருப்பி அனுப்பினா அத்த மறுபடி இட்டுக்கினு வராது. ஆத்தாளே சரி பண்ணிட்டா, டிரிப்பெல்லாம் தேவையில்லன்னு காலையில கூடச் சண்டை. அவருதான் போன்ல கத்தி அனுப்பி வெச்சாரு. இந்த ஒரு நாள விட்டா அவ்ளோதான். ஆயாம்மா, உங்க காலுல வேணா விழறேன், சொல்லாதீங்க."

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கொஞ்சம் நிறுத்தி யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

சொல்லாமல் விட்டால் காவல்காரனுக்குப் போட்டோ காட்டாமலே தூங்க வைத்துவிடுவார்கள். அப்புறம் பல மாசத்துக்கு ஊசி போட்டாலும் பிடிக்காது. காலில் வேறு புண், எது வேண்டுமானாலும் உள்ளே நுழையும். சொன்னால் அவளைத் திருப்பி அனுப்புவார்கள். அவள் சொல்வது உண்மை, அந்த மாமியார் மறுபடி கூட்டிக்கொண்டு வர மாட்டார். அப்புறம் கிட்னி போகும். இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம். எது பெரிய பள்ளம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். எது பெரிய பள்ளம் என்று பார்ப்பது என் வேலையும் இல்லை, அமுலுவின் வேலையும் இல்லை. அதைப் பார்க்கத் தெரிந்தவர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். அவர் கண்ணில் மண்ணைத் தூவக்கூடாது. அவ்வளவுதான்.

"அமுலு, நான் சொல்லத்தான் போறேன்" என்றேன். "உனக்குத் தெரியாம போய் போட்டுக் குடுக்க மாட்டேன். நீயே உன் வாயால சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன். உன் மாமியார என் தலையில வுடு."

"அத்தையவா? உங்களாலயா?"

"நாப்பது பெட்டு வார்டுல சோறு வேணாம்னவனை எல்லாம் துன்ன வெச்சிருக்கேன். உன் மாமியார் எனக்கு எம்மாத்திரம்?"

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்ச்சவடால்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது.

மாமியார் தண்ணீரோடு திரும்பி வந்தார், பின்னாலேயே டாக்டரம்மா வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அமுலு சொன்னாள். திக்கித் திக்கித்தான் சொன்னாள், ஆனால் முழுசாகச் சொன்னாள். பெரிய சிஸ்டர் கையில் இருந்த மருந்துக் குப்பியை அப்படியே திருப்பிப் பெட்டியில் வைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டரம்மாவும் திட்டவில்லை. காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ரத்தமும் சிறுநீரும் உடனே பார்க்கச் சொன்னார்.

"இப்ப ரெண்டு விஷயம் எனக்கு எதிரெதிரா நிக்குது" என்று சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னார். "கிட்னி மோசமாகிட்டு இருந்தா ஊசிக்காகக் காத்திருக்க முடியாது. இன்னிக்கே டிரிப்பு போட்டாகணும், அப்புறம் வர்றதை அப்புறம் பாத்துக்கணும். கிட்னி கொஞ்சம் பொறுக்கும்னா, ஊசி போட்டுட்டு நானும் பொறுக்கறேன். எது வேகமா எரியுதுன்னு பாக்கணும்."

இதையும் மனசில் வையுங்கள். எல்லாருக்கும் டிரிப்பைத் தள்ளி வைப்பதுதான் சரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஆள் மாறும்.

ரிசல்ட் வருகிற வரைக்கும் அந்த வார்டில் எனக்குக் கால் தரிக்கவில்லை. துடைத்த மேசையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டு இருந்தேன். லேப் பையன் வந்தான். டாக்டரம்மா பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொறுக்கும்" என்றார். "மாத்திரையைக் கொஞ்சம் மாத்தித் தர்றேன். இன்னிக்கு ரெண்டு ஊசியும் போட்டுடலாம், கால் புண்ணும் ஆறட்டும். சில வாரம் கழிச்சு டிரிப்பு. ஆனா கட்டாயம் வந்தாகணும். வரலைன்னா கிட்னி போயிடும்."

கடைசி வார்த்தையை மாமியார் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் மாமியார் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான்.

"பாத்தியாடி! இன்னிக்கு டிரிப்பு வேணாமாம்! ஆத்தா எப்படி வேல செஞ்சிருக்கா பாரு. எந்திரி, எந்திரி, பஸ்ஸு பூடும்."

டாக்டரம்மா மறுபடி விளக்கினார். மாமியார் தலையை ஆட்டினார். பெரிய சிஸ்டர் போட்டோ கதையைச் சொன்னார். அதற்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். "நீ பேசு, நான் கிளம்பறேன்" என்று அர்த்தம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அமுலு என்னைப் பார்த்தாள்.

நான் போய் அந்தம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நீங்க தீ மிதிச்சிருக்கீங்களாம்மா?"

"இன்னாம்மே இப்படிக் கேட்டுட்ட? ஏழு வருசம் மிதிச்சவ நானு. ஒரு கொப்புளம் இல்ல. இவதான் நடுவுல தயங்கி நின்னுட்டா, அதான் சுட்டுடுச்சு."

"நீங்களே சொல்லுங்க. காப்பு கட்டாம தீயில எறங்கலாமா?"

"எறங்கினா வெந்துபூடும். யாராச்சும் அப்படிச் செய்வாங்களா?"

"சரி. காலையில காப்பு கட்டி, கட்டின கையோட அன்னிக்கே எறங்கலாமா?"

"அறிவிருக்கா உனக்கு? விரத நாளு வேணாமா? அந்த நாளெல்லாம் கட்டுப்பாடா இருந்தாத்தான் கட்டின காப்பு உடம்புல ஊறும். அதுக்கு அப்பாலதான் எறங்கணும்."

"டாக்டரம்மா அதைத்தாம்மா சொல்றாங்க. அந்த டிரிப்பு தீ. இந்த ஊசி காப்பு. உங்க மருமவ காப்பு கட்டாம தீயில எறங்கப் பாத்தா. இவங்க தடுத்துட்டாங்க. இன்னிக்குக் காப்பு கட்டுறாங்க. நடுவுல விரத நாளு. அப்பால தீ. காப்பு கட்டிக்கினு தீ மிதிக்காம ஓடிப் போறவள உங்க ஊருல இன்னா சொல்லுவாங்க?"

மாமியார் என்னைப் பார்த்தார், அமுலுவைப் பார்த்தார், சிஸ்டர் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். தோளில் இருந்த பையை இறக்கிக் கீழே வைத்தார்.

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று டாக்டரம்மாவைப் பார்த்து ஒரு அதட்டல். "இங்கிலீசு பேர சொன்னா எனக்கு இன்னா தெரியும்? கட்டுங்க, கட்டுங்க."

சாமியை வைத்து அந்தம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நானும் கும்பிடுகிறவள்தான். காப்பு என்றால் என்ன, விரதம் எதற்கு என்று அந்தம்மாவுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்த ஒன்றின் பக்கத்தில் தெரியாததைக் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். அந்தம்மாவின் ஆத்தாளை மட்டம் தட்டியிருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பார்கள், அமுலுவை நாங்கள் மறுபடி பார்த்திருக்க மாட்டோம்.

அமுலுவின் இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள். நான் பிடித்துக்கொண்டேன். மாமியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அம்ம வராம இருக்கறதுக்கு ஒரு ஊசி இருக்குதாமே. அதையும் ஒரேயடியா போட்டு வுடு சிஸ்டரு."

பெரிய சிஸ்டர் சிரித்துவிட்டுச் சொன்னார். "அது வேற மாதிரி ஊசிம்மா. இப்ப போட்டது திருடன் போட்டோ. அந்த அம்மை ஊசி, திருடனையே கை காலைக் கட்டி உயிரோட கொண்டுவந்து காட்டறது. காவல்காரன் முழிச்சிக்கிட்டு இருந்தா பரவால்ல. இவ சாப்பிடற மாத்திரையில அவன் இப்பவே அரைத் தூக்கம். கட்டு அவிழ்ந்துட்டா?"

"ஐயோ, வேணாம் தாயே" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆனா ஃப்ளூ ஊசி வீட்டுல இருக்கிறவங்களும் போட்டுக்கலாம். நீங்க இருமினா அவளுக்குத்தானே வரும்" என்றார் டாக்டரம்மா.

"யாரு, நானா? எனக்கு இன்னாத்துக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று எழுந்தார். அமுலு அன்றைக்கு முதல் தடவையாக மாமியாரை எதிர்த்துப் பேசினாள். "அத்த, தீயே மிதிச்ச நீ. ஊசிக்குப் பயப்படுற?" அந்த வார்த்தைக்கு அப்புறம் எழுந்து போக முடியுமா? உட்கார்ந்தார். ஊசி உள்ளே போவதற்கு முன்னாலேயே போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். என் விரலில் அந்தம்மாவின் நகம் பதிந்த தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

கிளம்பும்போது மாமியார் பைக்குள் துழாவி, கோயிலில் மிச்சம் இருந்த மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்தார். அமுலுவின் மணிக்கட்டில் கட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார். "சாவு வூட்டுக்குப் போகக் கூடாது. கூட்டத்துல போய் நிக்கக் கூடாது. வெளியில எதுவும் வாங்கித் துன்னக் கூடாது. வெறுங்காலோட நடக்கக் கூடாது. டிரிப்பு எறங்கற வரைக்கும்தான் இந்தக் கட்டு. புரிஞ்சுதா?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நான் சொல்ல வேண்டியதை எல்லாம் அவங்களே சொல்லிட்டாங்க. மாத்திரையை விடக்கூடாது, டிரிப்புக்கு அப்புறமும் ஜாக்கிரதையா இருக்கணும்னு மட்டும் சேர்த்துக்குங்கம்மா. கயிறு கொஞ்சம் தளர்வா இருக்கட்டும், கை வீங்கும்" என்றார்.

சொன்னது சொல்லியாச்சு. ஆனால் அந்தச் சில வாரம் எனக்கு நிம்மதி இல்லை. வாயால் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டால் அது ஊர் போய்ச் சேர்ந்ததா, நடுவழியில் பஸ்ஸிலேயே விழுந்துவிட்டதா, யாருக்குத் தெரியும்? அந்த நாளில் கம்பெனி ஆட்கள் தங்குகிற லைன் வீடுகளில் காய்ச்சல் வேறு சுற்றிக்கொண்டு இருந்தது. இருமிக்கொண்டு வருகிறவர்களுக்கு எங்கள் பெஞ்சில் இடம் போதவில்லை. எளாவூர்க்காரர் யார் வந்தாலும் அமுலுவைத் தெரியுமா என்று கேட்பேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

டிரிப் நாள் வந்தது. படுக்கை விரித்தேன். ரயில் அன்று நேரத்தோடு வந்துவிட்டது. டாக்டரம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். வர வேண்டியவள் வரவில்லை. பெரிய சிஸ்டர் போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையணை உறையை இழுத்து இழுத்துச் சரி பண்ணிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கே சொல்லாமல் விட்டிருந்தால் டிரிப்பாவது ஏறியிருக்குமே என்று ஒரு நினைப்பு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

அப்போது கேட் பக்கம் ஒரு சத்தம்.

"யோவ் வாட்ச்மேனு, என்னத் தெரியலையா உனக்கு? போன மொற நீதானே ஓடியாந்த? தள்ளுய்யா, எனக்குத் தீ மிதி இருக்குது!"

என் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தார்கள். அதைக் கேட்டுக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. ரோட்டில் லாரி குறுக்கே நின்று பஸ் மாட்டிக்கொண்டதாம். அந்தச் சத்தத்தில் போன் மணி கேட்கவில்லையாம்.

அமுலு நடந்து வந்தாள். சாக்ஸ் இல்லை. கால் ஆறியிருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் காய்ச்சலாம். மாமியார் வாசலில் வேப்பிலையைக் கட்டி ஒருத்தரையும் உள்ளே விடவில்லையாம், சொந்தத் தம்பியைக்கூட. ஊசிதான் காப்பாற்றியதா, மாமியார் காப்பாற்றினாரா என்று நான் சொல்ல மாட்டேன். எதுவும் அண்டாமல் வந்து சேர்ந்தாள், எனக்கு அது போதும்.

டாக்டரம்மா பார்த்தார். ரத்தம் பார்த்தார்கள். சரி, போடலாம் என்றார். பெரிய சிஸ்டர் தட்டோடு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அமுலு சொல்லிவிட்டாள். "எடது கையில ஒண்ணு, வலது கையில ஒண்ணு. ரெண்டு நாளு கையத் தூக்க முடியல சிஸ்டர். தல கூட அத்ததான் வாரி வுட்டுச்சு." வார்டு முழுக்கச் சிரிப்பு.

சிஸ்டர் கையைத் திருப்பி நரம்பு தேடினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு வெளுத்துப்போய்க் கிடந்தது.

"நில்லு" என்றார் மாமியார்.

எல்லாரும் நின்றோம். டாக்டரம்மாவும்தான். அந்தம்மா குனிந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கயிற்றைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கட்டுப்பாடா இருந்துட்ட. ஒரு கொற இல்ல. இப்ப எறங்கு."

சிஸ்டர் ஊசியை ஏற்றினார். மருந்து சொட்ட ஆரம்பித்தது. வழக்கம்போல நான் அமுலுவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்காரப் போனேன். மாமியார் என்னைத் தோளில் தட்டினார்.

"நகரும்மே. என் மருமவ தீ மிதிக்கிறா. நடுவுல தயங்கினா நான்தான் சொல்லணும்."

குளிர் வந்தால் கூப்பிடுங்கள், நடுக்கம் வந்தால் கூப்பிடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அமுலுவின் கையை அந்தம்மா கையில் கொடுத்தேன். டிரிப் ஏறும் நேரத்தில் என் கை காலியாக இருந்தது அந்த ஒரு நாள்தான். வாசலுக்குப் போய் டீ சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக, ஆறுவதற்கு முன்னால் நான் குடித்து முடித்த டீ அதுதான்.